கோயில் வாசலில் நின்றவள்

காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில், சந்திரகலாவின் வீட்டு வாசலில் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சக்கரபாணிதான் அந்த மனிதரை முதலில் பார்த்தான். அறுபதை நெருங்கும் வயது. வேட்டியின் கீழ்ப்பாதி நனைந்து மணல் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு பேப்பர் கப் டீ. இரண்டும் ஆறி ஆடை கட்டியிருந்தன. அவற்றைக் கீழே வைக்கலாம் என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலிருந்தது.

“காணாமப் போனவங்களக் கண்டுபிடிக்கிற அம்மா வூடு இதானாப்பா? பீச்சாண்ட டீ விக்கிறவரு சொன்னாரு.”

“இதான் பெரியவரே. யாரக் காணோம்?”

“எம் பொண்டாட்டிய.”

சந்திரகலா போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பது முதல் காணாமல் போன நாய்க்குட்டி வரை, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் சிக்கல்களைத் தன் முன்னறையில் உட்கார்ந்தபடியே அவிழ்த்துத் தருவார். அவர் வெளியே போவதெல்லாம் சக்கரபாணியின் ஆட்டோவில்தான். அந்த உரிமையில் அவன் தன்னை அவருடைய உதவியாளன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்வான். அவரும் மறுத்ததில்லை.

வந்தவரின் கையிலிருந்த டீயை வாங்கி வைத்துவிட்டு, சூடாக வேறு டீ கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை சந்திரகலா ஒன்றும் கேட்கவில்லை.

“எம் பேரு பாவாடைம்மா. செஞ்சிக்கு அந்தாண்ட ஊரு. பயிர்த் தொழிலு. அவ பேரு அஞ்சலாட்சி. நேத்து காலையில வந்தோம். பாண்டிச்சேரியப் பாக்கணும், கடலப் பாக்கணும்னா. எங்கூட்டுக்கு வந்து இத்தன வருசத்துல ரெண்டு பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனதோட சரி. எங்கியும் கூட்டிக்கினு போன்னு கேட்டவளே இல்ல. நடவு நேரமா இருக்குது, அடுத்த வாரம் போலாம்னேன். இல்ல, இந்த ஞாயித்துக்கெழமையே போவணும், ஒரு ராத்திரி தங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. சரி, ஆசப்படுறாளேன்னு இஸ்துக்கினு வந்தேன்.”

“நேத்து எங்கெங்க போனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“மொதல்ல மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போனோம். அவ உள்ள வரல. முட்டி வலிக்குது, நீ போயிட்டு வா, நான் செருப்பப் பாத்துக்கறேன்னு வாசல்லியே நின்னுட்டா. அங்கியே பூ வாங்கிக் குடுத்தேன். வச்சிக்கல. வாடிடும்னு பையில போட்டுக்கிட்டா. மத்தியானம் பிரியாணிக் கடைக்குக் கூட்டிக்கினு போனேன். ஞாயித்துக்கெழம கறி இல்லாம அவளுக்குச் சோறு எறங்காதும்மா. நேத்து தயிர் சாதம் போதும்னுட்டா. பஸ்ஸுல வந்தது வயித்தப் பெரட்டுதாம். பொறவு நோணாங்குப்பம் போயி போட்டுல ஏறினோம். சாயந்தரம் நேரு வீதியில பொடவ எடுத்தா. அரக்குப் பட்டு. கத்திரிக்காக் கடையிலகூட கால் மணி நேரம் பேரம் பேசுறவ, சொன்ன வெலைக்கு எடுத்தா. ஜாக்கெட்டு தைக்கணுமா, ஓரம் அடிக்கணுமான்னு கடைக்காரப் பொண்ணு கேட்டுச்சு. எதுவும் வேணாம், அப்டியே குடுன்னு வாங்கிக்கிட்டா.”

“இன்னிக்குக் காலையில?”

“சூரியன் எழும்புறதப் பாக்கலாம்னு பீச்சுக்கு வந்தோம். பொடவப் பையையும் எடுத்துக்கிட்டா. லாட்ஜுல வச்சா எவனாவது தூக்கிடுவானாம். செத்த நேரம் கடலையே பாத்துக்கினு நின்னா. போயி டீ வாங்கிட்டு வாயேன்னா. வாங்கிட்டுத் திரும்புறேன், ஆளில்ல. செவப்புத் தொப்பி போலீஸ்காரருகிட்டச் சொன்னேன். கூட்டத்துல எங்கியாவது இருப்பாங்க பாருங்கன்னாரு. பாறையில எறங்கி எறங்கிப் பாத்தேம்மா…” பாவாடை ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டார். “கடலு எடுத்துக்கினு போயிருக்குமா?”

சக்கரபாணிக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, எனக்கு ஒண்ணு தோணுது. பட்டுப் பொடவ. இன்னிக்கு முகூர்த்த நாளு. சொந்தத்துல யாரு வீட்டுக் கல்யாணமோ, இவருக்கும் அவங்களுக்கும் ஆகாது. இவருக்குத் தெரியாம அந்தம்மா சீர் குடுக்கப் போயிருக்காங்க.”

“கல்யாணத்துக்குப் போறவங்க பூவ எதுக்குப்பா பையில போடுறாங்க?” என்றார் சந்திரகலா. “ஆனா பொடவைய விட்டுடாத. அத நல்லாப் பிடிச்சுக்க.”

பிறகு அவர் பாவாடையின் பக்கம் திரும்பினார்.

“உங்க வீட்டுல சாமி விளக்கு ஏத்துறது யாரு?”

இதென்ன கேள்வி என்று சக்கரபாணி நினைத்தான். பாவாடையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

“அவதான். இப்பக் கொஞ்ச நாளா பக்கத்து வீட்டுக் கவிநிலாப் பொண்ணு வந்து ஏத்திட்டுப் போவுது. ரெண்டு வாரம் இருக்கும். முட்டி வலி, குனிய முடியலன்னா.”

“குனிய முடியாதவங்க போட்டுல ஏறினாங்களா?”

“ஏறினாளே. நல்லாத்தான் ஏறினா.”

“பிள்ளைங்க எத்தனை பேரு?”

“ஒரே பையன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்.”

சந்திரகலா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் அப்படி வைத்தால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்று சக்கரபாணிக்குத் தெரியும்.

“ஐயா, உங்க வீட்டுக்காரம்மா கடல்ல போகல. சாகப் போறவங்க பட்டுப் பொடவைய பத்திரமா கையில எடுத்துக்கிட்டுப் போக மாட்டாங்க. உயிரோடதான் இருக்காங்க. மொதல்ல அந்த பயத்த விடுங்க.”

பாவாடை கையெடுத்துக் கும்பிட்டார்.

“கும்பிடாதீங்க. நான் இன்னும் முடிக்கல. கோயில் வாசல் வரைக்கும் வந்தவங்க உள்ள வரல. சாமி விளக்கத் தொடல. பூ வைக்கல. கறி சாப்பிடல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாக்கு சொன்னாங்க, முட்டி வலி, வாடிடும், வயித்தப் பெரட்டுதுன்னு. தனித்தனியாப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு. சேத்துப் பாத்தா ஒரே காரணந்தான். அவங்க தீட்டு காக்குறாங்க. மாசத் தீட்டு நிக்கிற வயசு தாண்டிப் போச்சு. அப்ப இது சாவுத் தீட்டு.”

“சாவா? எங்க பங்காளிங்க வகையில யாரும் சாவலியே. அவ அண்ணன் தம்பிங்களும் நல்லாத்தான் இருக்காங்க.”

“அதான் எனக்கும் இடிச்சுது. பங்காளி செத்தா தீட்டு உங்களுக்கும் உண்டு. நீங்க பாட்டுக்குக் கோயிலுக்குள்ள போய்க் கும்பிட்டுட்டு வந்திருக்கீங்க. அவங்க அம்மா வீட்டுல யாராவது செத்தா உங்களுக்குச் சேதி வராம இருக்காது. அப்ப இது ரொம்பக் கிட்டத்து ரத்தம். ஆனா உங்ககிட்ட வாய் தொறக்க முடியாத சாவு.” சந்திரகலா அவர் பக்கம் குனிந்தார். “ரெண்டு பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாங்கன்னீங்க. பையன் ஒருத்தன்தான்னீங்க. இன்னொரு பிள்ளை எங்க ஐயா?”

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். பாவாடை அவள் போன பக்கமே பார்த்தார்.

“அது செத்துப்போச்சு.”

“எப்ப?” என்று சக்கரபாணி முந்திக்கொண்டான்.

“ஏழெட்டு வருசம் ஆவுது. பானைய ஒடச்சி, ஊர்க் குளத்துல தலை முழுகினேன். ஊரே நின்னு பாத்துச்சு.”

“உயிரோட இருந்த பொண்ணுக்கு,” என்றார் சந்திரகலா.

“வேற சாதிக்காரனோட போயிட்டாம்மா! கடல் வேலக்காரன். அந்தப் பேச்ச எடுத்தா என் பொணத்தத்தான் பாப்பன்னு இவகிட்டச் சொன்னேன். அதுக்கப்புறம் இவ எடுக்கல. ஒரு நாளும் எடுக்கல.”

“எடுக்காமத்தான் இருந்திருக்காங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு நெஜமாவே போயிடுச்சு. சேதி அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணு வழியா வந்திருக்கும். விளக்கு ஏத்துற வேலைய அவ கேள்வி கேக்காம எடுத்துக்கிட்டது அதனாலதான்.”

“இருக்காது,” என்றார் பாவாடை.

“கட்டிக் குடுத்த பொண்ணு செத்தா பெத்தவளுக்கு மூணு நாளோட தீட்டு போயிடும்பாங்க. ஏன் இத்தனை நாளா காக்குறாங்கன்னு நானும் யோசிச்சேன். நீங்க கட்டிக் குடுக்கலியே ஐயா. தாரை வாக்கலியே. அவங்க கணக்குல அது இன்னும் உங்க வீட்டுப் பொண்ணு. அதனால முழுசாக் காத்திருக்காங்க, பதினாறாம் நாள் காரியம் வரைக்கும். அதான் அடுத்த வாரம் ஆகாது. அதான் ஒரு ராத்திரி தங்கணும். காரியம் இன்னிக்குக் காலையில.”

சக்கரபாணிக்கு இப்போதுதான் உறைத்தது. “அப்ப அந்தப் பொடவ…”

“கோடித் துணி. தாலியோட செத்துப்போனவளுக்குப் பொறந்த வீட்டுலேருந்து கோடி வரணும். சாவன்னிக்கு யாரும் வந்திருக்க மாட்டாங்க. இன்னிக்காவது படையல்ல வைக்கணும்னு எடுத்திருக்காங்க. உடுத்திக்க ஆள் இல்லாத பொடவைக்கு ஜாக்கெட்டு எதுக்கு? அதுல யாராவது பேரம் பேசுவாங்களா?”

பாவாடை பையிலிருந்து சின்ன செல்போனை எடுத்தார். கவிநிலாவின் எண்ணைத் தேடினார். சக்கரபாணி வாங்கி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான்.

“கவிநிலா…”

“சொல்லு பெரியப்பா.”

“எம்மா, உங்க அக்கா…” 

 மறுமுனையில் அந்தப் பெண் வெடித்தாள். “பெரியம்மாதான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சு பெரியப்பா. மஞ்சக் காமாலை முத்திடுச்சாம். ஆஸ்பத்திரியில அம்மா வருவாங்களா, அம்மா வருவாங்களான்னு கேட்டுக்கினே இருந்துச்சாம். பெரியம்மா தெனம் தோட்டத்துக்குப் போயி முந்தானைய வாயில வச்சிக்கிட்டு அழும். நீ வந்தா மொகத்தக் கழுவிட்டு வந்து சோறு போடும். எனக்குச் சத்தியமா பாக்க முடியல பெரியப்பா.”

சக்கரபாணி அணைத்துவிட்டான். சந்திரகலா எழுந்து செருப்பை மாட்டினார்.

“அந்தப் பையனுக்கு எந்த ஊருன்னு தெரியுமா?”

“பிள்ளைச்சாவடின்னு அப்பச் சொன்னாங்க,” என்றார் பாவாடை. “காதுல வாங்காத மாதிரி இருந்துட்டேன்.”

ஆட்டோ வடக்கே ஓடியது. வழி முழுக்க அவர் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். “உள்ள போயி கும்பிட்டேனே. வெளிய நின்னு செருப்பப் பாத்துக்கினு இருந்தாளே.” அது யாரிடம் சொன்னது என்று சக்கரபாணிக்குத் தெரியவில்லை. வண்டியை இன்னும் விரட்டினான்.

பிள்ளைச்சாவடியில் கடல் ஊரைத் தின்றது போக மிஞ்சிய மணல் கொஞ்சம்தான். கரையேற்றிய படகுகளுக்கு நடுவே முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஈர வேட்டியோடு ஓர் இளைஞன் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அருள்முருகன் என்று யாரோ அவனை அழைத்தார்கள். இறந்தவளின் கணவனாக இருக்க வேண்டும். ஒரு படகின் ஓரமாக, சொந்தக்காரி போலவும் இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவள் போலவும் இல்லாமல், மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி அஞ்சலாட்சி நின்றாள்.

“பொறந்த வீட்டுக் கோடி இருக்குதா?” என்று காரியம் செய்விப்பவர் கேட்டார்.

அஞ்சலாட்சி முன்னால் வந்தாள்.

“பொம்பள வைக்கிற வழக்கம் இல்ல தாயி. அப்பன், அண்ணன், மாமன், ஆம்பள யாரும் வரலியா?”

“யாருமில்ல,” என்றாள். “நான்தான் இருக்கேன்.”

சக்கரபாணி பாவாடையின் முதுகைத் தொடப் போனான். சந்திரகலா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பாவாடை தானாகவே நடந்தார். மணலில் இரண்டு தரம் கால் இடறியது. அவரைக் கண்டதும் அஞ்சலாட்சி பையை இறுக்கிக்கொண்டாள்.

“இழுத்துக்கினு போகவா வந்த? அடிச்சாலும் வர மாட்டேன். இது முடியாம எங்கியும் வர மாட்டேன்.”

 காரியம் செய்விப்பவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெரியவரே, நீங்க யாரு?”

 அலை வந்து படகின் அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

“பெத்தவன்,” என்றார் பாவாடை.

அருள்முருகன் தலை நிமிரவில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மணலை விட்டான்.

“அப்ப உக்காருங்க. கோடியக் கையில வாங்கி, பொண்ணு பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிட்டு, இலையில வைங்க.”

அஞ்சலாட்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து புடவையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“கலைவாணி.” முதல் தரம் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தரம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. மூன்றாம் தரம், பொழுது சாய்ந்தும் விளையாட்டு முடிந்து வராத பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில், அவர் கடலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

“யம்மா… கலைவாணீ…”

அஞ்சலாட்சி அங்கேயே மணலில் விழுந்து, வாய்விட்டு அலறினாள். சக்கரபாணி பதறிப்போய்த் தூக்க ஓடினான்.

“விடு சக்கரபாணி,” என்றார் சந்திரகலா. “அழட்டும். இத்தனை நாளா அவங்களுக்கு அழறதுக்கு ஒரு எடம் இல்ல.”