பின் சீட்டில் ஒரு டீச்சர்!

செல்போன் அலறியது!

மருந்துக் கடை கவுன்டரில் நின்றபடியே எடுத்தான் அருண் ஜோசப். திரையில் மனைவியின் பெயர்.

"சொல்லு ஷீலா... மாத்திரை எடுத்துக்கிட்டிருக்காக. ரெண்டு நிமிஷம்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். பிறகு, ரகசியக் குரல்.

"என்னங்க... காரை நீங்களா ஓட்டுறீக?"

"வெயில்ல உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? நான் மருந்துக் கடையிலதான நிக்கிறேன்!"

"அப்ப..."

"என்ன அப்ப?"

"ஓட்டுறது யாரு?"

அருண் சடாரென்று திரும்பினான்.

காரைக்குடியின் மே மாத வெயில் கண்ணைக் குத்தியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரம் இருந்தது. மரத்தடியில் நிழல் இருந்தது. நிழலில் ஒரு நாய் சுகமாகப் படுத்திருந்தது.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அங்கே அவன் நிறுத்திவிட்டு வந்த கார்...

இல்லை!

"ஷீலா! எங்குட்டுப் போகுது வண்டி? என்ன தெரியுது?"

"படுத்துக்கிட்டு இருக்கேன்ல... வானம்தான் தெரியுது. முகத்தைப் பாக்க முடியல. செவப்புச் சட்டை... ஐயோ, ஸ்பீடு பிரேக்கர்—"

'தட்'டென்று ஒரு சத்தம். தொடர்பு அறுந்தது.

திரும்ப அழைத்தான். ஸ்விட்ச்டு ஆஃப்!

"சார், மாத்திரைக்கு நூத்தி நாப்பது ரூவா..." என்றார் கடைக்காரர்.

அருண் அதற்குள் நடுரோட்டில் ஓடிக்கொண்டிருந்தான்.

*

அந்தக் காரை வாங்கி நான்கே நாள்!

ஆரோக்கிய ஷீலா, திருப்பத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஜனவரியில் ஒரு நாள் பஸ் படியில் கால் இடறி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஊன்றுகோல் பிடித்து நடந்துவிடலாம். பஸ் ஏற முடியாது. தினமும் ஆட்டோவில் போனால், வாங்குகிற சம்பளத்தை ஆட்டோக்காரரிடமே நேராகக் கொடுக்கச் சொல்லிவிடலாம்.

பள்ளியின் கரஸ்பாண்டன்ட் அன்பாகத்தான் சொன்னார்.

"ஜூன் ஒண்ணாம் தேதி நீங்க வரலைன்னா, வேற டீச்சரைப் போட்ருவோம்மா."

கார் ஒன்றுதான் வழி. காலையில் அருண் கொண்டுபோய் விட்டுவிட்டு, பத்து மணிக்குள் காரைக்குடியில் தன் அச்சக வேலைக்குத் திரும்பிவிடலாம். அருணின் பைக்கை விற்றார்கள். ஷீலாவின் இரண்டு வளையல்களை விற்றார்கள். எல்லாம் சேர்ந்து எண்பதாயிரம் வந்தது.

"எண்பதாயிரத்துக்குக் காரா?" என்று சிரிக்காத புரோக்கர் இல்லை.

பதினோரு கார்கள் பார்த்தார்கள். ஒன்றில் பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. இன்னொன்றில் கால் வைக்கிற இடத்தில் ரப்பர் விரிப்பை விலக்கினால் தார் ரோடு தெரிந்தது. மூன்றாவது ஆள் பானெட்டைத் திறந்தே காட்டவில்லை.

"தொறந்தா மூடாது சார்!"

பன்னிரண்டாவது கார்தான் ஹரீஷின் கார். சின்ன வெள்ளைக் கார். சுத்தமாக இருந்தது.

"துபாய்க்குப் போறேன் சார். அவசரம். அதான் இந்த விலை. பேர் மாத்துறதை ஒரு மாசத்துல முடிச்சிரலாம்" என்றான் ஹரீஷ். இருபத்தெட்டு வயது. கூலிங் கிளாஸ். வாய் நிறையச் சிரிப்பு.

அருண் ஏமாளி இல்லை. ஒன்பதாம் வகுப்பில் தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயிரவனைக் கூட்டிக்கொண்டு போனான். வயிரவன் இப்போது மெக்கானிக். அரை மணி நேரம் காருக்கு அடியில் படுத்திருந்துவிட்டு எழுந்தான். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கு மாப்ள!"

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினார்கள்!

*

"வயிரவா! காரைக் களவாண்டுட்டாங்கடா!"

"என்னது... இன்னைக்கா?" போனில் வயிரவனின் குரல் உடைந்தது.

"ஷீலா உள்ள இருக்காடா! பின் சீட்டுல காலை நீட்டிப் படுத்திருந்தா!"

"உள்ள... தங்கச்சி உள்ள இருக்கா? அங்கேயே நில்லு. வாரேன்!"

நான்கே நிமிடத்தில் வயிரவனின் பைக் வந்து நின்றது.

"ஏறு!"

"போலீசுக்குச் சொல்லிட்டு..."

"அவுக எழுதி முடிக்கிறதுக்குள்ள வண்டி மதுரை தாண்டிரும். ஏறுடா!"

அருண் ஏறினான். பைக் சீறியது. வெயில் முகத்தில் அறைந்தது. வாய் தன்னையறியாமல் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

*

காருக்குள்...

ஷீலா அசையாமல் படுத்திருந்தாள். ஸ்பீடு பிரேக்கரில் கார் எகிறியபோது கைநழுவிய போன், முன் சீட்டுக்கு அடியில் எங்கோ கிடந்தது. எட்டவில்லை.

முன்னால் ஒரு கழுத்து. வியர்வை வழிந்துகொண்டிருந்த கழுத்து. பக்கத்து சீட்டில் ஒரு மூட்டை.

"முருகா... முருகா... யாரும் பாத்துறக் கூடாது முருகா..."

திருடன் புலம்பிக்கொண்டே ஓட்டினான். பின் சீட்டில் ஒரு பெண் படுத்திருப்பதை அந்தப் பதற்றத்தில் அவன் கவனிக்கவே இல்லை!

கத்தலாமா? கத்தினால் என்ன செய்வான்? கத்தி வைத்திருப்பானோ? கீழே தள்ளிவிட்டால்... மறுபடியும் அந்தக் கால்...

வேண்டாம். நாற்பத்தாறு ஒன்பதாம் வகுப்புப் பையன்களை ஒரே அதட்டலில் அடக்குகிறவள் அவள்.

மெல்ல அலுமினிய ஊன்றுகோலை எடுத்தாள். ரப்பர் பொருத்திய அதன் நுனியை அந்தக் கழுத்தில் அழுத்தினாள்.

"நிப்பாட்டு வண்டியை!"

கார் பாம்பாக நெளிந்தது.

"யாத்தே! யாரு?"

"திரும்பாத! கழுத்துல இருக்கிறது துப்பாக்கி!"

"சுட்டுறாதீகக்கா! நான் நைட்டி யாவாரிக்கா!"

"கையைத் தூக்கு!"

"தூக்குனா கார் கம்மாய்க்குள்ள போயிரும்க்கா!"

நியாயமான பதில். ஷீலா ஒரு கணம் யோசித்தாள்.

"சரி... மொதல்ல நிப்பாட்டு. அப்புறம் தூக்கு."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓரத்தில் நின்றது. தூரத்தில் குன்றக்குடி மலை தெரிந்தது. அவன் கைகளைத் தூக்கிக்கொண்டு மெல்லத் திரும்பினான். முப்பது வயதுக்குள் இருக்கும். மிரண்ட கண்கள்.

"அக்கா... இது துப்பாக்கி இல்லையே?"

"மண்டையில போட்டா ரெண்டும் ஒண்ணுதான்! என் காரை எதுக்குடா திருடுன?"

அவன் முகம் மாறியது.

"உங்க காரா? இது என் காருக்கா!"

"என்னடா உளறுற?"

"சத்தியமாக்கா! என் பேரு அழகு. திருப்பத்தூரு. ஊர் ஊராப் போயி நைட்டி விக்கிறேன். மொபெட்டுல மூட்டை கட்டிக்கிட்டு அலைஞ்சு முதுகு போச்சுன்னு பிப்ரவரியில இந்தக் காரை வாங்குனேன். ஒம்பதே நாளு! பத்தாம் நாள் வாசல்ல நின்ன வண்டியைக் காணோம். போலீசுல ரசீது குடுத்தாக. அம்புட்டுதான். இன்னைக்குச் சரக்கு எடுக்க வந்தேன்... மரத்தடியில நிக்குது!"

"வெள்ளைக் காரு ஊருக்கு நூறு இருக்கு. உன் காருன்னு எப்படிச் சொல்ற?"

"உங்க சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க. உறை கிழிஞ்சு, நீல நூல்ல தச்சிருக்கும். நான் தச்சது."

ஷீலா கையை விட்டாள். விரலில் தையல் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள்.

நீல நூல்!

"நம்பர் பிளேட்டை மாத்தியிருக்காங்கக்கா. போலீசுக்குப் போனா, நம்பரு வேறன்னு அனுப்பிருவாக. சாவி எங்கிட்ட இருந்துச்சு. போட்டேன்... திரும்பிருச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

ஊன்றுகோல் தானாகத் தாழ்ந்தது.

"யாருகிட்ட வாங்குனீக?" ஷீலாவின் குரலில் மரியாதை வந்திருந்தது.

"ஹரீஷ்னு ஒருத்தன். துபாய்க்குப் போறேன்னான்."

அதே ஹரீஷ். அதே துபாய்!

விற்பது... திருடுவது... மறுபடி விற்பது! வளையல் போனது. பைக் போனது. ஜூன் ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினெட்டே நாள். அழுவதற்கு இது நேரமில்லை.

"உங்க போனைக் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சொல்லணும்."

நம்பரை அழுத்தப் போனாள். அதற்குள் ஒரு பைக் சீறிக்கொண்டு வந்து நின்றது!

*

"ஷீலா!"

அருண் பாய்ந்து வந்தான். மனைவியின் முகத்தை, கையை, காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு அழகின் சட்டையைப் பிடித்தான்.

"விடுங்க அவரை!" ஷீலா ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினாள். "அவரும் நம்மளை மாதிரி ஏமாந்தவருதான். ஹரீஷ் இதே காரை இவருக்கும் வித்திருக்கான். வித்துட்டு அவனே திருடியிருக்கான்!"

அருண் சட்டையை விட்டான்.

"ஆமா..." ஷீலா நிமிர்ந்தாள். "எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தீக? எங்குட்டுப் போறேன்னு எனக்கே தெரியாதே!"

"வயிரவன்தான் கூட்டிட்டு..."

அருணின் வாக்கியம் பாதியில் செத்தது.

காரைக்குடியிலிருந்து எத்தனையோ ரோடுகள் பிரிகின்றன. எந்த முக்கிலும் வயிரவன் வேகத்தைக் குறைக்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனை மட்டும் குனிந்து குனிந்து பார்த்தான்.

அருண் பைக்கை நோக்கி நடந்தான். போன் திரையில் வரைபடம் தெரிந்தது. அவர்கள் நிற்கிற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

"இது என்னடா வயிரவா?"

"அது... ஜிபிஎஸ் மாப்ள. உன் நல்லதுக்குத்தான் மாட்டி வச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"மறந்துட்டேன்டா..."

"காரைக் காணோம்னு சொன்னப்ப 'இன்னைக்கா'ன்னு கேட்டியே..." அருண் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். "அப்ப என்னைக்கு எடுக்கிறதா இருந்தீக? உங்களுக்கு முந்தி வேற எவனோ எடுத்துட்டான்னுதான் இப்படிப் பறந்து வந்தியா?"

வயிரவன் இன்னும் பைக்கில்தான் உட்கார்ந்திருந்தான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

பறந்தது... பைக் இல்லை. ஊன்றுகோல்!

காருக்குள் உட்கார்ந்தபடியே ஷீலா எறிந்த ஊன்றுகோல், பின் சக்கரத்துக்குள் சரக்கென்று செருகிக்கொண்டது. பைக் குட்டிக்கரணம் அடித்தது. வயிரவன் கருவேலம் புதருக்குள் போய் விழுந்தான்.

"ஆத்தா! முள்ளு... முள்ளு!"

அழகு மூட்டையைப் பிரித்தான். பூப்போட்ட நைட்டி ஒன்றை உருவி முறுக்கினான். வயிரவனின் கைகளைப் பின்னால் கட்டினான்.

"டபுள் எக்ஸெல். சாயமும் போகாது... அறுந்தும் போகாது!"

"மாப்ள... பட்டறைக்கு ஒரு வண்டி வரமாட்டேங்குதுடா." வயிரவன் அழுதான். "நாளைக்கு எடுத்திருப்போம். உனக்கு ஒரு சேதாரமும் ஆகியிருக்காது."

"சேதாரம் ஆகாதா?" அருண் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அவ கையைப் பாருடா. ஒரு வளையல் கிடக்கா பாரு!"

வயிரவன் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

*

மாலை ஐந்து மணி. போலீஸ் ஸ்டேஷன்.

வயிரவன் சொன்ன அடையாளத்தை வைத்து ஹரீஷ் பிடிபட்டிருந்தான். துபாயில் அல்ல... பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பரோட்டாக் கடையில்! வயிரவனின் பட்டறையில் எட்டு நம்பர் பிளேட்டுகளும், ஒரு பை நிறையப் பணமும் கிடைத்தன.

"பணம் கோர்ட் வழியாத்தான் வரும். ஒரு மாசம் ஆகலாம். காரையும் அது வரைக்கும் தொட முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர் சாலா.

ஷீலாவின் முகம் தொங்கிப்போனது.

"ஜூன் ஒண்ணாம் தேதி எனக்கு ஸ்கூல் மேடம்... போகலைன்னா வேலை போயிரும்."

"கரஸ்பாண்டன்ட் நம்பர் என்ன?"

சொன்னாள். சாலா அழுத்தினார்.

"வணக்கம் சார், போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசுறேன்... இல்ல இல்ல, பதறாதீக, உங்க மேல ஒண்ணும் இல்லை. உங்க ஷீலா டீச்சர் இன்னைக்குத் தனியா ஒரு கும்பலைப் பிடிச்சுக் குடுத்திருக்காங்க. ஜூலை வரைக்கும் அவங்க இடத்தை அப்படியே வச்சிருப்பீகளா?"

மறுமுனை, கேள்வி முடிவதற்குள் சம்மதித்தது.

ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்ததுபோல் ஷீலா மூச்சு விட்டாள். அருண் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அதெல்லாம் சரி மேடம்..." அழகு தலையைச் சொறிந்தான். "காரு யாருக்கு? மொதல்ல வாங்குனது நான்."

"கடைசியா வாங்குனது நாங்க!" என்றாள் ஷீலா.

சாலா சிரித்தார்.

"நீங்கதான் மொதல்லன்னு யாரு சொன்னா? அங்க பாருங்க."

வாசலில் சலசலப்பு. தேவகோட்டைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். பின்னாலேயே கல்லலிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. அப்புறம் ஒரு தவில்காரர்... ஒரு கேபிள்காரர்... மூச்சு வாங்க ஒரு சமையல்காரர். வெளியே நின்ற வெள்ளைக் காரை எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லார் கையிலும் ஒரு சாவி!

"நான்தான் வரச் சொன்னேன். ஹரீஷ் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான். அழகு, நீங்க நாலாவது. டீச்சர், நீங்க ஏழாவது!"

ஏழு வீடு. ஏழு சாவி. ஒரே ஒரு கார்!

அழகுதான் முதலில் வாயைத் திறந்தான்.

"வாரத்துல ஏழு நாளு. ஆளுக்கு ஒரு நாள் ஓட்டிக்கிருவோமா மேடம்?"

ஷீலா அவசரமாகக் கையைத் தூக்கினாள்.

"எந்தக் கிழமை குடுத்தாலும் சரி... ஞாயித்துக்கிழமையை மட்டும் எனக்குக் குடுத்துறாதீக மேடம். அன்னைக்கு ஸ்கூல் லீவு!"