கழுவியும் போகாத மஞ்சள்

குழந்தை பிறந்து பதினோரு நாள். மந்தைவெளி வீட்டின் கிணற்றடியில், அதன் இடுப்புத்துணியை மூன்றாவது தடவையாக அடித்துத் துவைத்தாள் சண்முகவடிவு. கறை போகவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளின் துணியிலும் இதே மஞ்சள் கறைதான். இரண்டும் பதினைந்து நாள் தாண்டவில்லை.

உச்சி வெயிலில் தெருவே அடங்கிக் கிடந்தது. வீட்டுக்குள்ளிருந்து மெல்லும் சத்தம் மட்டும் வந்தது. சவக், சவக். மாமியார் தங்கபுஷ்பத்தின் வெற்றிலையாகத்தான் இருக்கும்.

"அத்தை, பிள்ளை ரொம்ப மஞ்சளா இருக்கே?"

"குளிப்பாட்டி மஞ்சள் பூசியிருக்கேன். பின்ன எப்படிட்டி இருக்கும்?"

நாலு நாளாக இதே பதில். பால் கொடுக்க மட்டும், அதுவும் இருட்டறையில், குழந்தையைக் கையில் தருவாள்.

ஈரக்கையோடு உள்ளே வந்து பீரோவில் மாற்றுத்துணி தேடினாள் வடிவு. கணவன் பொன்ராஜின் வேட்டிகளுக்கு அடியில் ஒரு கடிதம். வருடம் 1972. இரண்டாவது பிள்ளை போனபோது டாக்டர் ஜெயலக்ஷ்மி இவள் பெயருக்கே எழுதியது.

'உன் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று, கருவிலேயே குழந்தையின் ஈரலைத் தாக்குகிறதோ என்று சந்தேகப்படுகிறேன். காரணம் தெரியும்வரை இன்னொரு பிள்ளை வேண்டாம், அம்மா.'

அடப்பாவிகளா! வயிறு இவளுடையது. கடிதம் இவளுடையது. ஒளித்துவைக்க இவர்கள் யார்?

மாமியார் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு முற்றத்து வெளிச்சத்துக்கு ஓடினாள். ஈரத்துணியால் துடைத்தாள். துணி மஞ்சளானது. அலசினாள். துடைத்தாள். இப்போது துணி வெள்ளை.

குழந்தை மஞ்சள்.

கண் திறந்தது. கண்ணும் மஞ்சள்.

"தெரிஞ்சுதான பூசுனீங்க?"

"ரெண்டு போச்சு, மூணாவதாவது நிக்கும்னு நெனச்சோம். வாரிசு வேண்டாமாட்டி?"

சவக். சவக்.

"முதல்ல அந்த வெத்தலையத் துப்பித் தொலைங்க!"

"எந்த வெத்தலை? பல்லுவலின்னு நாலு நாளா வெத்தலையே தொடலியே."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்து காட்டினாள். காலி.

சத்தம் நிற்கவில்லை.

வடிவு குழந்தையின் வயிற்றில் காதை வைத்தாள். அங்கே இல்லை. காதைப் பொத்தினாள். இன்னும் பக்கத்தில் கேட்டது. மூச்சைப் பிடித்தாள். கழுத்து நரம்பில். மணிக்கட்டில். தன் நெஞ்சுக்குள்.

குழந்தை பசியில் வாயைத் திறந்து அவள் மார்பைத் தேடித் திரும்பியது.

சவக். சவக். சவக்.

வேகமாக.