ஓகே சொல்லும் வரை

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பெர்னிஸ் கிள்ளான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. கிரில் கதவைத் திறந்துவிட்ட அப்பா கொர்னேலியஸ், மகளின் ஈரக் குடையை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல "சாப்பிட்டியா" என்றுதான் முதலில் கேட்டார். மறுநாள் காலை, தம்பி பிராண்டனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலி. அதற்காகத்தான் அவள் பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையைப் பூட்டிவிட்டுக் கம்யூட்டர் ரயில் ஏறி வந்திருந்தாள்.

"அவன் ரூம கொஞ்சம் கிளியர் பண்ணிடுமா. உடுப்பெல்லாம் சர்ச் சேலுக்கு வேணும்னு வெரோனிகா ஆன்டி கேட்டாங்க. அந்த கேம் மெசினையும் குடுத்துடு லா. யாராச்சும் பிள்ளைங்க விளையாடட்டும்."

"சரிப்பா."

சொல்லிவிட்டாளே தவிர, கால் எழவில்லை. ஒரு வருடமாக அந்த அறைக்குள் அவள் போனதே கிடையாது. வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி ஹாலிலேயே படுத்துவிடுவாள். இன்றைக்குத் தப்ப வழியில்லை.

கதவைத் திறந்ததும் யூகலிப்டஸ் தைல வாடை முகத்தில் அடித்தது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் தலைவலிக்கு அவன் அதைத்தான் அள்ளிப் பூசிக்கொள்வான். ஒரு வருடத்தில் போயிருக்க வேண்டிய வாடை. ஜன்னலைத் திறக்காமலே வைத்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து துணிகளை மடித்தாள்.

மேசை இழுப்பறையின் அடியில் அந்தக் கையடக்க கேம் மெசின் கிடந்தது. திரையில் தூசி. பொத்தானை அழுத்தினாள், உயிர் வரவில்லை. சார்ஜரைத் தேடிச் சொருகிவிட்டு மறுபடி துணி மடிக்க ஆரம்பித்தாள்.

அதில் இருந்தது ஒரே ஒரு கேம். இருபது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் சரக்கு, யாரோ ஆங்கிலத்தில் மாற்றி வைத்திருந்தார்கள். கேம் என்று பேர்தானே தவிர, சுடுவதும் கிடையாது, ஓடுவதும் கிடையாது. ஒரு தீவு, அதில் பழைய தங்கும் விடுதி, ஓயாத மழை. பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். அங்கங்கே கதை நின்று, இரண்டு வழி காட்டி, எது என்று கேட்கும். அம்மா இல்லாத வீட்டில், பள்ளி விட்டு வந்த மாலைகளை அக்காவும் தம்பியும் அந்த விடுதியில்தான் கழித்தார்கள். அவள் வாய்விட்டு வாசிப்பாள், அவன் பொத்தானை அமுக்குவான்.

அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. ஒரு தடவை அவனைக் கேட்காமல் அவளே அமுக்கி, கதை நாசமாகப் போய், இரண்டு நாள் அவன் பேசவில்லை. அன்றைக்குப் போட்ட சட்டம்: வழி பிரியும் இடத்தில் ஒருவர் அம்புக்குறியை வைக்கணும், மற்றவர் 'ஓகே லா' சொல்லணும். ஓகே சொல்லாமல் அமுக்கக் கூடாது. அடித்துக்கொண்ட நாளில்கூட அந்தச் சட்டத்தை மட்டும் இருவரும் மீறியதில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவன் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். சாவதற்கு முதல் நாள் மத்தியானம் மூன்றே முக்காலுக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினான். "கடைசி choice வந்துடுச்சுக்கா, படகுல ஏறணுமா வேணாமான்னு. வேலை முடிஞ்சு வா. நீ வராம அமுக்க மாட்டேன்." படத்தின் மூலையில் விளையாடிய நேரம் தெரிந்தது. நாற்பத்தோரு மணி நேரம்.

"ஆபீஸ்ல OT டா. நாளைக்கு வரேன்" என்று அவள் பதில் போட்டாள்.

விடியற்காலையில் அவன் போய்விட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. பெர்னிஸ் மெசினைக் கையில் எடுத்தாள். கடைசியாக ஒரு தடவை திறந்து, அந்த முடிவை அவனுக்காக வாசித்துவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கதை நாயகனைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டால், தன் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாரமும் கொஞ்சம் இறங்கும்.

படகுத்துறை, மழை, கடைசிப் படகு. திரையில் இரண்டு வரி.

படகில் ஏறு.

அவளுக்காகக் காத்திரு.

மூலையில் நேரத்தைப் பார்த்தாள். எட்டாயிரத்து எண்ணூற்று ஒன்று.

தப்பாகப் பார்த்திருப்போம் என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். அதே எண்தான். போனில் கணக்குப் போட்டாள். நாற்பத்தொன்றைக் கழித்து, இருபத்து நாலால் வகுத்தாள்.

சரியாக முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

பேட்டரி செத்து, இழுப்பறைக்குள் கிடந்த மெசின். போன் மூன்று ஐம்பது என்று காட்டியது. வெளியே மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் அப்பா டிவி பார்க்கும் சத்தம், ஏனோ பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது.

அம்பை 'படகில் ஏறு' என்பதன் மேல் வைத்தாள். அது கீழே இறங்கியது.

பழைய மெசின், பொத்தான் தேய்ந்திருக்கும். மறுபடி மேலே வைத்தாள். மறுபடி இறங்கியது.

விரலை எடுத்துவிட்டாள்.

அம்பு தானாக மேலே போனது. கீழே வந்தது. மேலே. கீழே. பிராண்டன் யோசிக்கும்போது அப்படித்தான் செய்வான்.

"டேய்," என்றாள். "நீயா?"

அம்பு நின்றது.

அவளுக்குப் பின்னால் கட்டில் ஸ்பிரிங் மெல்ல முனகியது, யாரோ ஓரமாக உட்கார்ந்ததுபோல. தைல வாடை கண்ணை எரித்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"அன்னிக்கு OT இல்லடா," என்று கிசுகிசுத்தாள். "ஆபீஸ் குமுதாவுக்கு பர்த்டே. வேலை முடிஞ்சு பிரிக்பீல்ட்ஸ்லதான் சாப்பிடப் போனோம். உன் மெசேஜ பாத்தேன். ஒரு நாளைக்காவது அந்த ஆஸ்பத்திரி வேணாம்னு இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருடா."

தோளுக்கு மேல் யாரோ மூச்சு விட்டார்கள்.

அம்பு மெதுவாக மேலே ஏறி, 'படகில் ஏறு' என்பதன் மேல் நின்றது.

ஒரு வருடமாக அடைத்திருந்த அழுகை அவளுக்கு உடைத்துக்கொண்டு வந்தது. மன்னித்துவிட்டான், போகப் போகிறான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். "போயிட்டு வாடா. ஓகே லா."

கிளிக்.

அவள் விரல் பொத்தானில் இல்லை.

கண்ணைத் திறந்தாள். அம்பு கீழே இருந்தது. 'அவளுக்காகக் காத்திரு.'

அவள் முகத்தை மூடியிருந்த அந்த ஒரு நொடியில் அது இறங்கியிருக்கிறது. அம்பை வைத்தது அவன், ஓகே சொன்னது அவள். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

படகு போய்விட்டது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: 'அவள் வந்துவிட்டாள். இனி எந்த வழி பிரிந்தாலும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்வார்கள்.' பிறகு திரை அணைந்தது. எவ்வளவு அமுக்கியும் மறுபடி வரவில்லை.

மறுநாள் திருப்பலியில் சாமியார் பிராண்டனின் பெயரை வாசித்தபோது பெர்னிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும் மெசினை வெரோனிகா ஆன்டி கையில் திணித்தாள். "இது கெட்டுப்போச்சு ஆன்டி. வேணாம்னா வீசிடுங்க." கை காலியானதும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்பா ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டார். நண்பகல் வெயில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பேரங்காடிப் பைகளோடு குடும்பங்கள். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. கோலாலம்பூர் போகும் கம்யூட்டர் வந்து நின்று, கதவு திறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஏறினார்கள்.

பெர்னிஸ் ஏறவில்லை.

கால் வரவில்லை. கதவு கீச்சிட்டு மூடிக்கொண்டது. ஏதோ அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ரயிலும் வந்தது, திறந்தது, மூடியது. அதற்கடுத்ததும் அப்படியே போனது.

பையில் போன் அடித்தது. அப்பாதான், வீடு சேர்ந்துவிட்டாளா என்று கேட்பார். எடுக்கப் பச்சை, வேண்டாமென்றால் சிவப்பு. கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

வெயிலில் காய்ந்த பிளாட்பாரத்தில் தைல வாடை வந்தது.

"பிராண்டன்," என்றாள், உதடு அசையாமல். "ஓகே சொல்லு லா. அக்கா நாளைக்கு வேலைக்குப் போகணும்டா."

தூரத்தில் அடுத்த ரயில் தெரிந்தது. அவளுடைய வலது கால், அவள் நினைக்காமலே, மஞ்சள் கோட்டை நோக்கி ஓர் அடி வைத்தது. பிறகு பின்னால் வந்தது. மறுபடி முன்னால் போனது. மறுபடி பின்னால் வந்தது.

அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.