கன்ட்ரோல் சிலைடில் ஒரு புள்ளி

கறை படவே கூடாத சிலைடில் பழுப்பாக ஒரு புள்ளி இருந்தது.

சோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். பசி, பயம், வலி என்று நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல நியூரோபெப்டைடு என்ற புரதத் துணுக்குகள் உண்டு. தவளை மூளையை மெல்லிய சீவல்களாக்கிச் சிலைடுகளில் ஒட்டி அவற்றோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி ஊற்றினால், அவை இருக்கும் இடம் மட்டும் பழுப்பாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கன்ட்ரோல் சிலைடில் அந்த ஆன்டிபாடியை ஊற்றுவதில்லை. அது வெளுப்பாக இருந்தால்தான் மற்றவற்றில் தெரிவது உண்மை.

பகலில் எஸ்டேட் கடையில் நின்றுவிட்டு மூணாறில் மாலை வகுப்புக்கு ஓடிவருகிறவள் அவள். எது நடந்தாலும் தன் கைதான் தவறியிருக்கும் என்று முதலில் நினைப்பவள். ஊற்றியது, கழுவியது, உலர்த்தியது என எல்லாவற்றையும் வரிசையாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தவறு எதுவும் இல்லை.

"இன்னும் என்னத்த உத்துப் பாக்க?"

அவள் ஆய்வுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய ஜெகன் சார், பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கன்ட்ரோல்ல கறை வந்திருக்கு சார்."

"அத ஒடச்சுக் குப்பையில போடு. மூளைக்கு அடியில, ஹைப்போதலாமஸ்ல கும்பலா இருக்கு, பின்மூளையில ஒண்ணுமில்லன்னு படம் போட்டு வச்சாச்சு. அதுபடி வந்தா கையெழுத்து. இல்லன்னா அடுத்த வருசம் பாப்போம்." அவர் சிரித்தார். "கொழுந்து கிள்ளுத கைக்கு இதெல்லாம் எங்க பிடிபடும்?"

சோனாவின் காது சூடானது. அம்மா இன்றும் பகல் முழுக்க இந்த மழையில் மலைச்சரிவில் நின்று கொழுந்து கிள்ளியிருப்பாள்.

தவளையை வெட்டிய அன்றும் அவருக்கு இதே அவசரம்தான். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் தவளையைப் போட்டு, ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் கால்விரலைக் கிள்ள வேண்டும். காலை இழுக்காவிட்டால்தான் வெட்டலாம். அவள் கிள்ளினாள். தவளை காலை இழுத்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவர் கத்தினார். "அது சும்மா துடிப்பு. வெட்டு!" வெட்டினாள். அந்தக் கோபம் அன்றிலிருந்து ஃபார்மலின் நெடிபோல அவள் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

தகரக் கூரையில் மழை அடங்கியது. ஜன்னலில் மூடுபனி ஒட்டியிருந்தது. ஃபேக்டரியிலிருந்து தேயிலை வறுபடும் வாசனையும், அதற்கடியில் குளத்துப் பாசியின் குளிர்ந்த வாடையும் வந்தன. இந்த அறையில் பாசி ஏது?

அவள் மறுபடி குனிந்தாள். புள்ளி கோடாகியிருந்தது. பின்மூளை வழியாக இறங்கி, தண்டுவடம் வெட்டுப்பட்ட விளிம்பைத் தாண்டி, திசுவே இல்லாத வெறும் கண்ணாடியில் போய்க்கொண்டிருந்தது.

தலையை நிமிர்த்தினாள். இப்போது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. தட்டில் அடுத்த சிலைடிலும் கோடு. அதற்கடுத்தது. கோடு இரண்டாகப் பிரிந்தது. மடங்கியது. தொடை. முழங்கால். கடைசிச் சிலைடில் ஐந்து விரல்கள்.

"பூட்டணும். ஒடச்சாச்சா இல்லையா?"

சோனா ஃபோர்செப்ஸை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே விரலக் கிள்ளிப் பாருங்க சார்."

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" தட்டை எட்டிப் பார்த்தவரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "சாயத்த வழிய விட்டுட்டு எனக்கே கத சொல்லுதியா?" ஃபோர்செப்ஸைப் பிடுங்கி, கண்ணாடியின் மேல் அந்த விரல்நுனியைக் கிள்ளினார்.

கோடு சுருங்கியது.

பின்னால் சத்தம். ஒன்றல்ல. மெத்தென்று, கண்ணாடியில் ஈரத்தோல் மோதும் சத்தம்.

அலமாரியில் ஃபார்மலின் ஜாடிகள். மூளைக்காகத் தலை வெட்டிய தவளைகள். எல்லாமே ஒரு காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டிருந்தன.

ஜெகன் சார் ஓரடி பின்வாங்கினார்.

"சும்மா துடிப்புதான் சார்," என்றாள் சோனா. பற்கள் கிட்டியிருந்தன. "இன்னொருக்கா கிள்ளுங்க."

இழுத்த கால்கள் மெல்ல, மிக மெல்ல நீண்டன. ஒவ்வொரு ஜாடியிலும் ஐந்து விரல்கள் கண்ணாடியில் பதிந்து, அவர் இருந்த பக்கமாக விரிந்தன.

அழுத்தின.

மூடிகள் சுழலத் தொடங்கின.