கஞ்சிக் கரண்டி

அன்று கஞ்சிச் சட்டியருகே இருந்தவர்கள் நான்கே பேர். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அப்துல் ரசாக், அவர் மனைவி நூர்ஜான், டியூஷனில் ஆங்கிலம் கற்பிக்கும் மகள் சுஹானா, மழைக்கு ஒதுங்கிய ஷஃபீக்.

நோன்பு மாதத்தில் ஒருநாள் பள்ளிவாசலுக்குக் கஞ்சி காய்ச்சுவது ரசாக் குடும்பத்தின் உரிமை. கிண்டும் ஆளுக்குக் காய்ச்சல். யாரும் கேட்காமலே ஷஃபீக் கரண்டியை எடுத்தான். நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... சுஹானா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"கண்ணு கஞ்சியில இருக்கட்டும். அடி பிடிச்சிரும்," என்றாள்.

"நீங்க அங்க நின்னா எப்படி லா?"

அவள் சிரிப்பை அடக்கினாள். ரசாக் போன வருடத்தைச் சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தார். எவனோ ரேஸ் மோட்டார் சைக்கிளில் வந்து கஞ்சி வண்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிட்டான். வண்டியை ஒழுங்காகத் தள்ளத் தெரியாத குடும்பம் என்று ஊர் இவரைத்தான் பழித்தது.

கரண்டி நின்றது.

"அது நான்தான், மாமா. அன்னிக்கோட ரேஸை விட்டுட்டேன். ரிஃபார்ம் ஆயிட்டேன்."

ரசாக் கரண்டியைப் பிடுங்கினார். ஆனால் அவரைவிடச் சுஹானாவுக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. இவனைப் பார்த்தா சிரித்தேன்...?

"பழக்கத்தை மாத்துறது ரிஃபார்ம். செஞ்சதுக்கு மனசு நொந்து வெட்கப்படறது ரிப்பென்ட். ரேஸை விட்டீங்க, சரி. ஒரு வருஷமா எங்க அத்தா தலைகுனிஞ்சு நடந்தாரே, அப்ப எங்க இருந்தீங்க?"

அவன் மழையில் இறங்கிப் போய்விட்டான். போகட்டும் என்றது கோபம். மனம் மட்டும் வாசலைப் பார்த்தது...

மாலை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக்கு வரிசை நின்றது. வரிசைக்கு முன்னால் வந்து நின்றான் ஷஃபீக், சொட்டச் சொட்ட. போன வருடம் வண்டியைக் கவிழ்த்தது தான்தான், ரசாக் மாமா மேல் குற்றமில்லை என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னான். ரசாக் நெடுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து நின்றார்.

கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த சுஹானா பக்கம் திரும்பினான்.

"நாளைக்கும் வரலாமா?"

"கஞ்சி இன்னிக்கு மட்டும்தான்."

"கஞ்சிக்கு இல்ல... உங்கள பாக்க."

"கோபம் இன்னும் தீரல," என்றாள். பிறகு மெல்ல, "அத்தாகிட்ட வந்து கேளுங்க. நான் மாட்டேன்னு சொல்லமாட்டேன்..."

ரசாக்கே கரண்டியை நீட்டி அவனை மாப்பிள்ளையாக்கிக்கொண்டார் என்று சூலியா தெருவில் பேசுகிறார்கள். அது பொய். கரண்டியைப் பிடுங்கியபின் ரசாக் அன்று அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வரிசைக்கு ஊற்றச் சொல்லி அவனிடம் கரண்டியை நீட்டியவள் சுஹானா.