இமை விழும் நேரத்தில் பெரிய மேடம்

பழைய கண் மருத்துவமனையின் கடைசி அறைக்கு ஆய்வுக்கூடத் தலைவர் பகல் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தார். கதவில் அவருடைய பட்டங்களை எழுதியது போக மிச்சமிருந்த இடத்தில் பூட்டைப் பொருத்தியிருந்தார்கள்.

உள்ளே கறுப்புத் திரை. அடைத்த ஜன்னல். மக்கிப்போன மருந்து வாடை. கண்ணைப் படம்பிடிக்கும் கருவியின் அருகே டெக்னீஷியன் அம்மாள் நின்றிருந்தாள்.

"நிஜமாவே பார்த்தியாம்மா?"

"ஆமா சார். கண் சிமிட்டுறப்போ வர்ற இருட்டை மூளை நமக்குக் காட்டாம ஒட்டுப்போட்டு மறைச்சிடும் இல்லையா? இந்த நாற்காலியில உக்காந்தா மறைக்க மாட்டேங்குது. அந்த இருட்டுல, உங்களுக்கு முன்னாடி இங்க தலைவரா இருந்து போன வருஷம் செத்துப்போன நம்ம பெரிய மேடம் நிக்கிறாங்க. அறிக்கை எழுதிட்டேன்."

"யார் பேர்ல?"

"என் பேர்லதான் சார்."

தலைவருக்கு வயிறு எரிந்தது. இமைப்பைப் பற்றி இருபது வருடம் மேடை மேடையாக முழங்கியவர் அவர். பேய்க்குக்கூடப் பதவி பார்த்துப் பழகத் தெரியவில்லையே! பெரிய மேடம் உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான், அவரை விட்டுவிட்டு இவளிடம்தான் பேசுவார்.

"நகரு. நான் உக்காருறேன்."

முகவாயைக் கருவியின் தாங்கியில் வைத்துச் சிமிட்டினார். ஒன்றுமில்லை. நூறு தரம் சிமிட்டினார்.

"அவளுக்குத் தெரிவீங்க, எனக்குத் தெரிய மாட்டீங்களா?" என்று பல்லைக் கடித்தபடி கிசுகிசுத்தார்.

அறை சில்லிட்டது.

இமை விழுந்தது. இருட்டு தெரிந்தது.

அதில் ஒரு வெள்ளைக் கோட்டு.

அடுத்த இமைப்பில் ஓரடி கிட்டே.

அதற்கடுத்ததில் கன்னத்தில் மூச்சு பட்டது.

பயத்தைவிடப் பெருமை முந்திக்கொண்டது. "பார்த்தியா! உன்னைவிட எனக்குத்தான் கிட்ட வந்திருக்காங்க!"

அவர் காதுக்கு மட்டும் கேட்டது பெரிய மேடத்தின் குரல். "நான் உன் உடம்புக்குள்ள வர்றேன். நீ இங்க நில்லு. எல்லார் கண்ணுக்கும் தெரிவே."

"எல்லாருக்குமா?"

"சிமிட்டுற எல்லாருக்கும்."

"சரி" என்றார் தலைவர்.

அவர் இமை ஒருமுறை மூடித் திறந்தது. பிறகு நாற்காலியிலிருந்து நிதானமாக எழுந்தார். "ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேன், உக்காரும்மா. அறிக்கையில உன் பேரே இருக்கட்டும்."

அந்த வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வந்ததேயில்லை. அவள் உட்கார்ந்தாள். அவர் வெளியே போய்க் கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.

அவள் கண் சிமிட்டினாள்.

எதிரே, இருட்டில், தலைவர் நின்றிருந்தார். அறிக்கையில் அவள் பேர் கூடாது, கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டு.