முழங்கை மடிப்பு

"உங்க பொண்ணுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், இல்லையா டெய்லரம்மா?"

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், குடையை மடக்காமலே வாசலில் நின்ற மனிதர் அப்படிக் கேட்டார். துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் "ஆமாங்க" என்றாள். சொல் வாயைவிட்டு விழுந்த பிறகுதான் சாக்கட்டி பிடித்த கை நின்றது. அவரை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. மகள் அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அந்தத் தோள் பிறவியிலேயே வந்த இறக்கம். பிள்ளைகள் கேலி செய்துவிடுவார்களே என்று, மகளுக்குத் தைக்கிற ஒவ்வொரு உடுப்பிலும் இடது தோளுக்குள்ளே வெட்டுத்துணியை மடித்துவைத்துத் தைப்பாள். வெளியே பார்த்தால் இரண்டு தோளும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்கும். மகளின் அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். அவரைத் தவிர அந்தத் தோளைப் பற்றி அறிந்தவர் யாரும் இல்லை.

"எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்கணும்" என்றார் குடைக்காரர்.

"பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"அது இன்னும் வரல."

"அப்ப அளவுச் சட்டையாவது குடுங்க."

ஆள் நேரில் வராவிட்டால், அவர் போட்டுக் கழற்றிய, உடம்புக்குச் சரியான உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை விரித்து, அதன்மேலேயே கோடு போட்டு வெட்டிவிடுவது அவள் வழக்கம்.

"அதுவும் இல்லீங்க. உங்க பொண்ணு அளவுலயே போடுங்க. தோளை உள்ளபடியே விட்டுடுங்க. ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டாம்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் மேசைமேல் வைத்த சாம்பல் நிறத் துணியில் கை பட்டுவிட்டது. எந்தத் துணிக்கும் கரை உண்டு, ஊடும் பாவும் உண்டு, புதிதாக இருந்தால் கஞ்சி வாடை உண்டு. இதில் எதுவுமே இல்லை. மழைக்குளிரிலும் அது அக்குள் போல வெதுவெதுப்பாக இருந்தது. என்ன துணி இது என்று அவள் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தபோது அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அப்போதுதான் பார்த்தாள். முழங்கை மடங்கியது. சட்டைக் கை மடங்கவில்லை. கை வளைந்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல வழவழவென்று இருந்தது.

அவர் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு. "சரிங்க, தைச்சு வைக்கிறேன்" என்றாள்.

அன்றே மகளின் பழைய கவுனை எடுத்தாள். தோளுக்குள் இருந்த ஒட்டைப் பிரித்தாள். அதைச் சாம்பல் துணிமேல் விரித்துச் சுற்றிலும் கோடு இழுத்தாள். இடது தோளில் சாக்கட்டி தானாகக் கீழே சரிந்தது. வெட்டிய துண்டுகளைப் பார்த்தபோது, அவள் பெற்ற பிள்ளையே மேசைமேல் தட்டையாகப் படுத்திருப்பதுபோல இருந்தது.

மறுநாள் காஜா அக்கா வந்தாள். பட்டன் ஓட்டை எடுப்பதும் ஓரம் மடிப்பதும் அவள் வேலை. பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் அவள் வீடு. வாய் ஓயாமல் பேசுவாள், கை அதைவிட வேகமாக ஓடும். சாம்பல் கவுனை எடுத்தவள் ஊசியைக் குத்திப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னடி துணி இது? குத்தினா உள்ள இழுக்குது."

"அக்கா, இதைக் குடுத்த ஆளோட சட்டை கசங்கவே இல்லக்கா."

"கசங்காத சட்டையா? என் வீட்டுக்காரருக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, புண்ணியமாப் போகும். ராவெல்லாம் கண்ணு முழிச்சுத் தைக்காதடி. ஊசியில நூல் கோக்கறதுக்குப் பதிலா ஒரு நாள் நூல்ல உன்னையே கோத்துக்கப் போற."

அக்கா போன சற்று நேரத்தில், சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு பெண் படியேறி வந்தாள். பேச்சும் நடையும் சாதாரணமாகத்தான் இருந்தன. கல்லும் கல்லும் உரசினால் வருகிற கருகல் வாடை மட்டும் அவளோடு உள்ளே வந்தது. நேற்றும் அந்த வாடை அடித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தைச்சாச்சா டெய்லரம்மா?"

"நீங்க யாரு?"

"நேத்து குடையோட வந்தேனே."

"அது... அது ஆம்பள."

"ஆமா. நேத்து அப்படி, இன்னைக்கு இப்படி. எனக்குன்னு அளவு எதுவும் கிடையாது. சந்தேகமா இருந்தா அளந்து பாருங்க."

ஏன் அளந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யார் எதிரே வந்து நின்றாலும் டேப்பை எடுத்துவிடுகிற கை. இடுப்புக்குப் பின்னால் நுனியை விட்டு, மறுபக்கம் வரும் என்று மற்றக் கையை நீட்டிக் காத்திருந்தாள். வரவில்லை. டேப் போய்க்கொண்டே இருந்தது. விரல் இடுக்கில் சில்லென்று உரசியபடி, முடிந்திருக்க வேண்டிய இடமும் தாண்டி, எண்களெல்லாம் தீர்ந்து வெறும் நாடாவாக, உள்ளே, இன்னும் உள்ளே. அவள் நிமிர்ந்தாள். மேலங்கியின் கழுத்துப்பட்டிக்குள் கழுத்து இல்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. ஆனால் கிணற்றுக்கு அடி என்று ஒன்று உண்டு. எங்கோ கீழே, இந்தத் தெருவையும் இந்த ஊரையும்விடப் பெரிய ஏதோ ஒன்று, தூக்கத்தில் மெல்லப் புரண்டு படுத்தது.

"கத்தாதீங்க" என்றாள் வந்தவள் அன்பாக. "பெரியவங்க தூங்குறாங்க. அவங்களுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல. கடைகண்ணிக்குப் போய்வர்ற ஆளு நான் ஒருத்தன்தான்."

டேப் அவள் கையிலிருந்து நழுவி உள்ளே போயிற்று.

"சாமி... நீ எந்தச் சாமியா இருந்தாலும் சரி, என் பொண்ண விட்டுடு."

"உங்க பொண்ண நான் எங்க கேட்டேன்? கவுன்தானே கேட்டேன்." சிரிப்பு ஆணுடையதாகத் தொடங்கிக் குழந்தையுடையதாக முடிந்தது. "ஆமா, என்னை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இத்தனை வீடு ஏறி இறங்கறேன், ஒருத்தருக்கும் தெரியலையே."

பயத்தில் நாக்கு முந்திக்கொண்டது. "முழங்கை... முழங்கையில துணி மடியல."

"அடடா." கறியில் உப்பில்லை என்று யாரோ சொல்லக் கேட்டவள் போல வந்தவள் முகம் வாடியது. "நல்லவேளை சொன்னீங்க. இனிமே பாத்துக்கறேன்."

கவுனைக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தப் பொண்ணுக்கும் என்னை மாதிரியே தோளு."

எதிர்ச் சுவரோரம் ஒரு குழந்தை நின்றது. சாம்பல் கவுன். இடது தோள் சரிந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தி இருட்டு மட்டும். அவள் ஜன்னலை அறைந்து சாத்தினாள். மகளை மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். பிள்ளை மூச்சு முட்டி, "விடும்மா, வலிக்குது" என்று திமிறிய பிறகும் விடவில்லை.

அதன் பிறகு மகளை அவள் தனியே விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அவளே கொண்டுபோய் விட்டாள், அவளே கூட்டிவந்தாள். தெருவில் எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்கையைத்தான் பார்த்தாள். கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவனின் சட்டை கசங்காமல் இருந்தது. இரண்டு வீடு தள்ளிக் குப்பை கொட்ட வந்தவளின் கையும் அப்படியே. ஒன்றுதான், பலவாக. யாரிடம் போய்ச் சொல்வது? வேண்டாத தெய்வம் இல்லை. கைகூப்பும்போதெல்லாம் கேட்கிறது யார் என்ற நினைப்பு வந்து கை தானே கீழே விழுந்தது.

பிறகு அந்தப் பெருமழை. தண்ணீர் முழங்கால்வரை ஓட, அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கேட் பூட்டிக் கிடந்தது. மழைக்காக முன்னதாகவே விட்டுவிட்டதாகக் காவல்காரர் சொன்னார். வந்த வழியில் காணாததால் வேறு வழியாக, சந்துகள் வழியாக, வழியெல்லாம் மகளைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே திரும்பி ஓடிவந்தாள்.

மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிச் சீருடை. தெப்பமாக நனைந்திருந்தது. தோள்கள் இரண்டும் சமம். அவள் முதலில் முழங்கையைப் பார்த்தாள். மடிப்பு இருந்தது. ஆழமாக, கசகசவென்று, நாளெல்லாம் எழுதி விளையாடிய பிள்ளையின் மடிப்பு.

"என் தங்கமே! என் உசிரே!"

உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். தலையைத் துவட்டினாள். பிள்ளை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் மழைச் சாரல் அடித்தது. ஏதோ கருகும் வாடை. அடுப்பில் எதையாவது விட்டுவிட்டோமோ என்று அவள் எழப் போனாள்.

கதவு தட்டப்பட்டது.

"அம்மா. கதவைத் தொறம்மா."

மகளின் குரல். வெளியிலிருந்து.

அவள் ஜன்னல் கண்ணாடியில் கண்ணை வைத்தாள். அவள் மகளின் முகம். தலைக்குமேல் பெரிய கறுப்புக் குடை. கொட்டுகிற மழையில் ஒரு சொட்டுகூட நனையாத கவுன், அவள் தைக்காத கவுன். இடது தோள் சரிந்திருந்தது. குடை பிடித்த கை மடங்கியிருந்தது. சட்டைக் கையில் ஒரு சுருக்கம் இல்லை.

"போ" என்றாள். "போயிடு."

"அம்மா, நான்தாம்மா. காஜா ஆன்ட்டி வீட்டுல..."

"அவ பேசறதக் கேக்காதம்மா" என்றது இடுப்பைக் கட்டியிருந்த பிள்ளை. "என் குரலை எடுத்துக்கிட்டா."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டே கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்குக் கத்தினாள்.

"நீ என் பொண்ணு இல்ல! என் வயித்துல பொறக்கல நீ! எங்க இருந்து வந்தியோ அங்கயே போ!"

தட்டல் நின்றது.

மழை மட்டும்.

கையை எடுத்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. காஜா அக்கா.

"ஏண்டி, எத்தனை தடவை அடிக்கறது? பொண்ணு வந்து சேந்துட்டாளா? பாவம், தொப்பலா நனைஞ்சு என் வீட்டு வாசல்ல நின்னா. என் பொண்ணோட கவுன மாத்திவிட்டேன். ஈர வாடை போகட்டும்னு நல்லா மொடமொடன்னு இஸ்திரி போட்டுத்தான் குடுத்தேன். நான் கொண்டாந்து விடறேன்னா கேக்கல, அம்மா தேடுவாங்கன்னு ஒரே அழுகை. குடையக் குடுத்து அனுப்பினேன். சீருடை இங்கதான் காயுது, நாளைக்கு..."

போன் கையில் இருந்தது. காதில் இல்லை.

அவள் குனிந்து பார்த்தாள். இடுப்பைச் சுற்றியிருந்த சின்னக் கை. முழங்கை மடிப்பு. மூன்று கோடு, நடுவில் ஒன்று மட்டும் பிறை போல வளைந்து. பக்கத்தில் அவளுடைய சொந்த ரவிக்கைக் கை. அதே மூன்று கோடு. அதே பிறை. அவள் கையைப் பார்த்து எடுத்த மடிப்பு.

கதவுக்குப் பாய்ந்தாள். நகர முடியவில்லை. இடுப்பைச் சுற்றி ஏதோ இறுகியது. டேப். சில்லென்று. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"ஆடாதீங்க டெய்லரம்மா" என்றது பிள்ளை. "உங்க அளவும் எடுத்துக்கறேன்."

ஜன்னல் மட்டும் எட்டியது. நெற்றியை அதில் முட்டினாள். கத்தினாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வேறெங்கோ, அடியில்லாத ஒன்றுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

மகள் இன்னும் வாசற்படியருகில் நின்றாள். குடை சாய்ந்து மழை அவள்மேல் விழத் தொடங்கியிருந்தது. நனைய நனைய, அக்கா இஸ்திரி போட்ட அந்தக் கையில் மெல்ல ஒரு சுருக்கம் விழுந்தது. முழங்கையில். பிறகு இன்னொன்று. அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிற தன்னைப் பார்த்தாள்.

தெருவின் இருபக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். குடைக்காரர். மேலங்கிக்காரி. சிலிண்டர்காரன். குப்பை கொட்ட வந்தவள். ஒருவர் உடுப்பிலும் ஈரம் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, ஒரு கையை நீட்டினார்கள்.

குடை மண்ணில் விழுந்தது. இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்க, மகள் திரும்பினாள். அந்தக் கைகளை நோக்கி நடந்தாள்.